வலப்பக்கக் கிணறு

அத்தியாயம் 9

"செருப்பைக் கழற்ற வேண்டாம் சார். செருப்புக்கு மேலேயே இந்தத் துணி உறையை மாட்டிக்குங்க. உள்ளே தரை நூற்றிருபது வருஷப் பழசு."

"என் முழங்காலும் கிட்டத்தட்ட அவ்வளவு பழசுதான்மா. அதுக்கும் ஒரு உறை இருந்தா குடேன்."

வழிகாட்டிப் பெண் சிரிக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். வக்கீலம்மா பம்பரத்தின் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"மணி என்ன?"

"மூணு அடிச்சு அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு மணிக்கு ஒரு குடும்பத்தைச் சட்டிபானையோட வெளியே தள்ளப் போறான் இந்த வீட்டுக்காரன். நீ முழங்காலுக்கு உறை கேட்டுக்கிட்டிருக்கே."

"கோபம் வந்தா உங்களுக்கு மூக்கு சிவக்குது. எனக்கு வாய் ஓடுது. ரெண்டும் வியாதிதான் மேடம்."

வக்கீலம்மாவின் மூக்கு காலையிலிருந்தே சிவப்புதான். நீதிபதியைப் பார்த்து, 'நான் பேசும்போது கொட்டாவி விடாதீர்கள்' என்று கத்திவிட்டுக் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து துப்பறிவதுதான் தொழில். பம்பரம் அவளுடைய பழைய குமாஸ்தா. ஒரு காலத்தில் ஓரிடத்தில் நிற்காமல் சுற்றியதால் வந்த பெயர். இப்போது உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சுற்றுகிறான்.

காலையில் தேடி வந்தவள் இந்த வீட்டுத் தோட்டக்காரரின் மனைவி. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. காப்பி கொடுத்ததற்கு டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"நேத்து அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்கம்மா. இன்னும் விடலை. பெரிய வீட்டுல ஒரு போட்டோ காணாமப் போச்சாம். இவர்தான் எடுத்தாராம்."

"என்ன போட்டோ?"

"உள்ளங்கை அகலம் இருக்கும். போன மாசம் பழைய டிரங்குப் பெட்டியில கிடைச்சுது. மாடியில பெரியம்மா ரூம் மேஜையில சட்டம் போட்டு வச்சாங்க. தினமும் காலையில ரூம் ரூமாப் போய்ப் பூ மாத்தறது இவர்தானே? அதனால இவர் திருடன். முப்பத்தோரு வருஷமா பூ மாத்தறார்மா. ஒரு காம்பைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததில்லை."

"அஞ்சு மணிக்கு வீட்டைக் காலி பண்ணணும்னு சொன்னியே, அது?"

"அது வேற கதை." கொஞ்சம் யோசித்தாள். "இல்லைம்மா. அதுவும் இதே கதைதான்னு எனக்குத் தோணுது. ஆனா எப்படின்னு சொல்லத் தெரியலை."

கதை இதுதான். அந்த வீட்டுப் பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளாதவர். இறப்பதற்கு முன் தோட்டக்காரரின் அப்பாவுக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார். 'கிணற்றுக்கும் அதை அடுத்த மதில் சுவருக்கும் நடுவில் உள்ள நிலம் தோட்டக்காரன் குடும்பத்துக்கு.' அந்த நிலத்தில் இரண்டு அறை வைத்துக் கட்டிக்கொண்டு நாற்பது வருஷமாக இருக்கிறார்கள். கேட்டில் நின்று பார்த்தால் கிணறும் அவர்கள் வீடும் இடப்பக்கம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பெரியம்மாவின் தம்பி மகன், ஊரெல்லாம் 'சின்னவர்' என்று சொல்கிற அறுபது வயதுக்காரர், வீட்டைப் புதுப்பித்து டிக்கெட் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். வீட்டில் ஒரு பழைய குடும்பப் படத்தின் கண்ணாடி நெகடிவ் இருந்தது. அதைக் கடையில் கொடுத்துச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி, அதில் இருக்கிறபடியே ஒவ்வொன்றையும் அமைத்தார். படத்தில் கிணறு வலப்பக்கம் இருந்தது.

"அப்ப இந்தக் கிணறு பின்னாடி எவனோ வெட்டினது, மூடுன்னுட்டார். இவர் தலையால தண்ணி குடிச்சார்மா. 'ஐயா, என் அப்பா இதுலதான் இறைச்சார், நான் இதுலதான் இறைச்சேன்'னு. 'படம் பொய் சொல்லாது, நீ சொல்லுவே'ன்னார். லாரி லாரியா இடிபாடு கொட்டி மூடிப் புல்லு போட்டாங்க. வலப்பக்கம் புதுசா ஒரு கிணறு கட்டினாங்க. போன மாசம் அதிகாரிங்க வந்து பத்திரத்தைப் படிச்சாங்க, படத்தைப் பார்த்தாங்க, கிணத்தைப் பார்த்தாங்க. உன் நிலம் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம்னு எழுதிட்டாங்க."

"அந்தப் பக்கம் எவ்வளவு இடம் இருக்கு?"

"கிணத்துக்கும் மதிலுக்கும் நடுவுல மூணடி. செடிவேலி நிக்குது. 'உன் இடத்தை யாரும் பிடுங்கலை, அதுல போய்ப் படுத்துக்கோ'ன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்மா."

அந்தச் 'சிரிச்சுக்கிட்டே'யில்தான் வக்கீலம்மாவின் மூக்கு சிவந்தது. இன்றைக்கு நீதிமன்றம் விடுமுறை. நாளையும் விடுமுறை. அதைப் பார்த்துத்தான் தேதி குறித்திருக்கிறான்!

*

கூடத்தில் அந்தப் படம் ஒரு முழுச் சுவரை அடைத்துக்கொண்டிருந்தது. வாசல் படிகளில் பதினாலு பேர். நடுவில் படி, இரண்டு பக்கமும் ஆறாறு தூண், மேலே ஒரே மாதிரி இரண்டு பால்கனி. வலது ஓரத்தில் ராட்டினத்தோடு கிணறு.

"படத்தில் இருக்கிறபடியே ஒவ்வொரு பொருளையும் அங்குலம் பிசகாமல் அமைத்திருக்கிறோம்," என்று வழிகாட்டிப் பெண் மனப்பாடமாகச் சொன்னாள். முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே இரண்டு நாள் தூக்கம் பாக்கி.

"கிணறும் அங்குலம் பிசகலையாம்மா?" என்றான் பம்பரம். "வரும்போது ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தேன். டொக்குன்னுது. ரெண்டடி ஆழம்கூட இருக்காது போல."

"அது... பார்வைக்காகக் கட்டினது சார்."

"எனக்கும் பார்வைக்காக ஒரு வேலை போட்டுக் குடுக்கச் சொல்லு. மேடம், இந்தக் குடும்பத்துல ஆம்பளைங்க எட்டு பேர். எட்டு பேருக்கும் சட்டைப் பை வலது மார்புல. இந்த வம்சத்துக்கே இதயம் வலப்பக்கமோ?"

"வாயை மூடு."

"மூடிட்டேன். உட்காரலாமா?"

நாற்காலிகளின் கைப்பிடிக்குக் கைப்பிடி ஒரு ரிப்பன் கட்டியிருந்தது. சிவப்பாக இருந்து வெளிறி, வெந்நீரில் போட்ட மாதிரி ஆகிவிட்ட ரிப்பன்.

"சார், ரிப்பன் கட்டின நாற்காலியில உட்காரக்கூடாது. தயவுசெய்து," என்றாள் அவள் மெதுவாக. சாப்பாட்டு அறையிலும் அதையே மெதுவாகச் சொன்னாள். எழுதும் அறையில் பம்பரம் பாதி குனிந்தே விட்டான். அங்கேயும் "சார், ப்ளீஸ்" என்றாள், அவ்வளவுதான்.

மாடியில் பெரியம்மாவின் அறை. கட்டில், ஒரு மேஜை, மேஜையில் படம் இருந்த இடம் காலி. ஜாடியில் இன்று மாற்றாத பூ தலையைத் தொங்கப் போட்டிருந்தது. ஜன்னல் ஓரம் மெத்தை போட்ட சாய்வு நாற்காலி. பம்பரம் அதன் கைப்பிடியில் கைதான் வைத்தான்.

"தொடாதீங்க!"

வீடே அதிர்ந்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

"உட்காரலைம்மா, கைதான் ஊனினேன்."

"கை ஊனவும் கூடாது. தள்ளி நில்லுங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. சுதாரித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். "பெரியம்மா காலையில இந்த நாற்காலியில உட்கார்ந்து தோட்டத்தைப் பார்ப்பாங்க. வேலைக்காரங்க தண்ணி இறைக்கிறது இங்கேயிருந்து தெரியும். அதோ, அந்தக் கிணறுதான்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் கை நீண்ட இடத்தில் கிணறு இல்லை. பச்சைப் புல்தரை. புல்தரையின் நடுவில், வண்டிச் சக்கரத்தைவிடப் பெரிய ஒரு வட்டம் லேசாக உள்வாங்கி, மஞ்சள் பாய்ந்து கிடந்தது.

அவள் சட்டென்று கையை எதிர்ப்பக்கம் மாற்றினாள். "அதோ. அங்கே."

"வேற யாரும் கவனிக்கலை," என்று பம்பரம் முணுமுணுத்தான்.

"நான் கவனிச்சேன். மத்தவங்களைக் கீழே கூட்டிட்டுப் போ. ஏதாவது உளறு."

"அதுக்குத்தானே சம்பளம்." பம்பரம் கையைத் தட்டினான். "வாங்க வாங்க, சமையலறை பார்க்கலாம்! நூறு வருஷத்துக்கு முன்னாடி தீய்ஞ்ச பாத்திரம் அப்படியே இருக்காம்!"

*

கதவைச் சாத்தியதும் வக்கீலம்மா குரலைத் தாழ்த்தினாள். அவள் கத்தும்போது பயப்படாதவர்கள்கூட அவள் குரல் தாழ்ந்தால் பயப்படுவார்கள்.

"உன் வாய் மனப்பாடம் பண்ணினதைச் சொல்லுது. கை தெரிஞ்சதைக் காட்டுது. கிணறு எங்க இருந்துச்சுன்னு உனக்கு எப்போ தெரியும்?"

"என்ன கிணறு மேடம்? எனக்கு..."

"மத்த நாற்காலியில எல்லாம் ரிப்பன் வெளிறிப் போயிருக்கு. இதுல புது ரிப்பன். அங்கெல்லாம் பூ மாதிரி முடிச்சு. இங்க ரெட்டை முடிச்சு, மாட்டைக் கட்டற மாதிரி. மூணு ரூம்ல 'ப்ளீஸ்' சொன்னவ, இங்க வீடு இடியற மாதிரி கத்தினே. நீயே அவிழ்க்கிறியா, நான் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

அவள் அவிழ்க்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பம்பரம் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வக்கீலம்மா மண்டியிட்டுப் பல்லால் முடிச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மெத்தைக்கு அடியில், ஒரு மஸ்லின் துணியில் சுற்றி, உள்ளங்கை அகலப் படம்.

அதே படிகள். அதே பதினாலு பேர். கிணறு இடது ஓரத்தில்.

"மேடம்," என்றான் பம்பரம். அவன் குரலில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை. "இதுல சட்டைப் பை எல்லாம் இடது மார்புல இருக்கு."

"உன் உளறல்ல விஷயம் இருந்துது. கடைக்காரன் கண்ணாடி நெகடிவைத் திருப்பிப் போட்டுப் பெரிசு பண்ணிட்டான். வீட்டு முகப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. திருப்பிப் போட்டாலும் தெரியாது. தெரியற ஒரே பொருள் கிணறு. அதை ஒருத்தர் மட்டும் தப்புன்னு சொன்னார். அவர் வெறும் தோட்டக்காரர்." அவள் வழிகாட்டிப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "சொல்லு."

"மூணு நாள் முன்னாடி தூசு தட்டும்போது பார்த்தேன். சின்னவர்கிட்டப் போய் வேடிக்கையாத்தான் சொன்னேன், 'சார், கிணறு இடம் மாறியிருக்கு'ன்னு. அவரும் சிரிச்சார். அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. படத்தைச் சுத்தம் பண்ணணும், நாளைக்கு எடுத்துட்டு வான்னார். அன்னிக்குச் சாயங்காலம் பின்பக்கம் போனேன். அந்தக் கண்ணாடி நெகடிவைக் கல்லு மேல வச்சு சுத்தியலால உடைச்சுக்கிட்டிருந்தார். தூள் தூளா."

"அதனால நீ இதை ஒளிச்சே."

"இதுவும் போயிடும்னு தோணுச்சு. காணோம்னு சொல்லிட்டேன். தான் அழிக்கிறதுக்கு முன்னாடி தோட்டக்காரர் எடுத்துட்டார்னு அவர் நிஜமாவே நம்பிட்டார் மேடம். போலீஸைக் கூப்பிட்டா அவங்களே தோட்டக்காரர் வீட்டைப் புரட்டிப் படத்தைக் கண்டுபிடிச்சுக் கொடுத்துடுவாங்கன்னு..."

"அடப்பாவி!" என்றான் பம்பரம். "நாம திருட்டை ஜோடிச்சிருக்கான்னு நினைச்சோம். அவன் நிஜமாவே திருடனைத் தேடியிருக்கான்!"

"தேடினது திருடனை இல்லை. சாட்சியை." வக்கீலம்மா இன்னும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படத்தைக் காப்பாத்தினே. சரி. நேத்து அவரைக் கூட்டிட்டுப் போகும்போது நீ எங்கே இருந்தே?"

"கூடத்துல."

"என்ன பண்ணினே?"

"பதினோரு மணி டிக்கெட்காரங்களுக்குப் படத்தை விளக்கிக்கிட்டிருந்தேன்."

"எந்தப் படத்தை? அந்தத் தப்புப் படத்தையா?"

"வேலை போயிடும் மேடம். வீட்டுல மூணு பேர் என்னை நம்பி..."

"அவரை நம்பியும் மூணு பேர்தான். எழுந்திரு. அழறதை வெளியே வந்து அழு. யார் முன்னாடி அழணுமோ அவங்க வெளியே நிக்கறாங்க."

*

ஐந்து அடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போதே நாலு ஆட்கள் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு அறை வீட்டிலிருந்து பாத்திரங்கள் பறந்து வந்து புல்லில் விழுந்தன. பாய், தலையணை, ஒரு சுவர்க்கடிகாரம். தோட்டக்காரரின் மனைவி ஒரு குடத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஒவ்வொரு சாமான் விழும்போதும் அதன் பெயரைச் சொன்னாள். "அது என் பொண்ணு ஸ்கூல் பை. அது அவரோட கத்தரி. அதைத் தூக்கிப் போடாதே, முனை மழுங்கிடும்."

சின்னவர் வாசல்படியில் நின்றிருந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பையில் தங்க மூடிப் பேனா. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் இருபது பேர் சுற்றி நின்றார்கள்.

"நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் வக்கீலம்மா.

"நீங்க யாரும்மா? சுற்றிப் பார்க்க வந்தவங்க சுற்றிப் பார்த்துட்டுப் போங்க."

"பார்த்துட்டேன். உங்க படம் கிடைச்சுது. உங்க வீட்டுல, உங்க அத்தை நாற்காலி மெத்தைக்கு அடியில. இந்தக் கதவைத் தாண்டி வெளியே போகவே இல்லை. இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணிட்டேன். வெளியே போகாத பொருளை யாரும் திருட முடியாதாம். தோட்டக்காரரை அனுப்பி வைக்கறேன்னார். வந்து உங்களையும் நாலு கேள்வி கேக்கணுமாம்."

சின்னவரின் கண் அவள் கையிலிருந்த மஸ்லின் துணிக்குப் போயிற்று. கையும் நீண்டது. "ரொம்ப நல்லது. கொடுங்க. குடும்பச் சொத்து."

"கொடுக்கறேன். முதல்ல இவங்க எல்லாரும் பார்க்கட்டும்."

படம் கைக்குக் கை போயிற்று. ஒரு பெண்மணி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "கிணறு அந்தப் பக்கம்ல இருக்கு?" என்றாள். "உள்ளே பெரிய படத்துல இந்தப் பக்கம் இருந்துதே?"

"இதுதான் திருப்பிப் பிரிண்ட் போட்டது," என்றார் சின்னவர். குரலில் ஒரு பிசிறு இல்லை. "பெரிய படம்தான் சரி. ரெண்டுல ஒண்ணு திரும்பியிருக்குன்னா எது திரும்பினதுன்னு யார் சொல்றது? நெகடிவ் இருந்தாப் பார்க்கலாம். பாவம், அது உடைஞ்சு போச்சு."

அந்தப் 'பாவம்' வக்கீலம்மாவை ஊமையாக்கிவிட்டது. கோபத்தில் சில சமயம் அவளுக்கு அப்படி ஆகும். பம்பரம் நொண்டிக்கொண்டே இரண்டு படி ஏறினான்.

"ஐயா, அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுக்கறீங்களா?"

"எந்தப் பேனா?"

"சட்டைப் பையில இருக்கே, அதுதான்."

சின்னவரின் கை தானாக இடது மார்புக்குப் போயிற்று. போன இடத்திலேயே நின்றது.

"எனக்கும் அங்கேதான் பை," என்றான் பம்பரம். "இதோ இவருக்கும். பாத்திரத்தைத் தூக்கிப் போடறாரே, அவருக்கும். உங்க பெரிய படத்துல மட்டும் எட்டு பேருக்கும் வலப்பக்கம். ஒரு தையல்காரன் தப்பு பண்ணலாம். எட்டு சட்டைக்குமா பண்ணுவான்?"

கூட்டத்தில் ஆண்கள் எல்லோரும் குனிந்து தங்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள். பாத்திரம் தூக்கியவர்களில் ஒருவன் கையிலிருந்த அண்டாவை மெதுவாகக் கீழே வைத்தான்.

வக்கீலம்மாவுக்குக் குரல் திரும்பி வந்தது. "நெகடிவ் உடைஞ்சு போச்சா, உடைச்சீங்களா? சொல்லும்மா."

வழிகாட்டிப் பெண் முன்னால் வந்தாள். சின்னவரைப் பார்க்கவில்லை. குடத்தோடு நின்றவளைப் பார்த்துத்தான் சொன்னாள். "சுத்தியலால உடைச்சார்க்கா. நான் பார்த்தேன். படத்தை ஒளிச்சு வச்சதும் நான்தான். நேத்தே சொல்லியிருக்கணும்."

தோட்டக்காரரின் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரி என் பொண்ணு, 'அப்பா திருடினாராம்மா'ன்னு கேட்டா. நான் இல்லைன்னேன். நம்பினாளான்னு தெரியலை. அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"அக்கா, மன்னிச்..."

"அக்கான்னு கூப்பிடாதே. ஸ்டேஷனுக்குப் போ. அங்கே சொல்லு. அப்புறம் என் பொண்ணுகிட்ட வந்து சொல்லு."

"இது எதுவும் நிக்காது," என்றார் சின்னவர். வெளுத்திருந்தாலும் நாக்கு மட்டும் விடவில்லை. "ஒரு போட்டோவை வச்சுக்கிட்டு... கிணறு இருந்துதுன்னா எங்கே? காட்டுங்க! கண்ணால காட்டுங்க!"

தோட்டக்காரரின் மனைவி குடத்தைக் கீழே வைத்தாள். சிதறிக் கிடந்த சாமான்களுக்கு நடுவில் குனிந்து எதையோ தேடினாள். எடுத்து நிமிர்ந்தபோது கையில் கடப்பாரை இருந்தது. கூட்டம் தானாக வழிவிட்டது.

"புல்லுல கால் வைக்கக் கூடாது!" என்று சின்னவர் கத்தினார். "போர்டு வச்சிருக்கு!"

அவள் புல்தரையின் நடுவில், மஞ்சள் வட்டத்தின் விளிம்பில் போய் நின்றாள். புடவையை இழுத்துச் செருகினாள். முதல் குத்தில் மண். இரண்டாவதில் மண்ணோடு செங்கல் துண்டு. மூன்றாவது, நாலாவது, எல்லாம் மண். ஏழாவது குத்தில் கடப்பாரை கையிலிருந்து எகிறியது.

டங்.

மண்ணைக் கையாலேயே விலக்கினாள். கருங்கல் விளிம்பு. அதில் விரல் அகலத்துக்கு வரிசையாக வழவழப்பான பள்ளங்கள், பல வருஷமாகக் கயிறு உரசி உரசி விழுந்தவை. அவள் அந்தப் பள்ளம் ஒன்றில் விரலை வைத்துக்கொண்டு திரும்பிச் சின்னவரைப் பார்த்தாள்.

"இது என் மாமனார் கயிறு," என்றாள். "அங்கே இருக்கே உங்க கிணறு, அதுல ஒரு கயித்துத் தடம் காட்டுங்க."

சின்னவர் படியில் உட்கார்ந்தார். அந்தப் படியிலும் ஒரு ரிப்பன் கட்டியிருந்தது. அது அறுந்து விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"அங்கே உட்காரக் கூடாது சார்," என்றான் பம்பரம்.

கேட்டில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. பின்பக்கத்திலிருந்து தோட்டக்காரர் இறங்கினார். புல்லில் கிடந்த பாய், தலையணை, கடிகாரம், கூட்டம் எதையும் அவர் பார்க்கவில்லை. நேராக நடந்து வந்து, மனைவியின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி, எட்டாவது குத்தைக் குத்தினார்.